கதவு கேட்ட மிஸ்ஸி

"கதவு எங்க, தம்பி?"

எங்கள் அகதி முகாமுக்கு முதல் முதல் வந்த அன்று அவ கேட்டது இதைத்தான். மேசை எங்கே, கதிரை எங்கே என்றெல்லாம் கேட்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி வாவிக்கரை மணலில் நடந்து வந்து, பள்ளிக்கூட மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தா. தகர மருந்துப் பெட்டியை நிலத்தில் வைக்கவும் இல்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டா.

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "மண்டபத்துக்குக் கதவில்ல மிஸ்ஸி. நாலு பக்கமும் அரைச்சுவர்தான். காத்து நல்லா வரும்" என்றேன், ஏதோ அந்தக் காற்றை நானே கொண்டுவந்து விட்டதுபோல.

"காத்து வரும். கண்ணும் வருமே" என்றா.

அவ அரசாங்கத்து மருத்துவமாது, பிள்ளைப்பேறு பார்க்கிறவ. பெயரைக் கேட்டால், "மிஸ்ஸி எண்டா காணும்" என்பா. கிழமைக்கு ஒரு தரம் வாவியைக் கடந்து வருவா. அப்போது கடப்பதற்கு எங்களுக்கு இருந்தது பாதை. வீதியைச் சொல்லவில்லை. ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியில் நகர்கிற தட்டையான பெரிய ஓடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பாதையில் ஏறினால் அவ ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பா. பேச்சுக் கொடுத்தால் பதில் வரும், முகம் வராது. கரையில் இறங்கிய பிறகுதான் முகம்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த ஊர் எங்களுடையது. யுத்தம் வாசலுக்கு வந்த வருடம் ஒரே பகலில் ஊர் காலியானது. வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வந்து ஒதுங்கினோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தேன். அதனால் முகாம் கமிட்டிக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவர் எங்கள் வட்டவிதானையார். ஊரில் வட்டையில் இருந்த ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் முறை பிரித்துவிட்ட மனிதர். முகாமிலும் பவுசர் வண்டியில் வந்த குடிதண்ணீரை அப்படித்தான் பிரித்தார். அவருக்கு முன்னால் ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்ற பேச்சே எழாது.

அந்த நீதியை மனதில் வைத்துத்தான் நானும் மிஸ்ஸிக்கு மேடையில் மேசை போட்டேன். எல்லாருக்கும் தெரிய, வரிசையாக வந்து, தங்கள் வருத்தத்தைச் சொல்லி மருந்து வாங்கிப் போகலாம். மிஸ்ஸி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தா. பெண்கள் வந்தார்கள்.

"என்ன புள்ள செய்யுது?"

"தலையிடி மிஸ்ஸி."

அடுத்தவ வந்தா. "எனக்கும் தலையிடிதான்."

அதற்கு அடுத்தவ தலையில் கையை வைத்துக்கொண்டே வந்தா. கர்ப்பிணியான என் அக்காவும் போய், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தலையிடி" என்றா. மிஸ்ஸி எல்லாருக்கும் குளிசை கொடுத்தா. கடைசியில் பெட்டியை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, இந்த முகாமில ஒரு பொம்புளைக்கும் கழுத்துக்குக் கீழ உடம்பு இல்லையா?"

நான் வெட்கத்தில் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. "அடுத்த கிழமைக்கு எனக்கொரு கதவு வேணும்" என்றா.

பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறைக்கு நாலு சுவரும் இருந்தது, நிலையும் இருந்தது. கதவு மட்டும் இல்லை. எங்களுக்கு முந்தி வந்து தங்கிப் போனவர்கள் மாரிகாலத்தில் அதை விறகாக எரித்திருந்தார்கள். முகாம் முழுக்கத் தேடினாலும் கதவென்று ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. அதன் மேல்தான் வட்டவிதானையார் படுத்திருந்தார்.

கல் அடுக்கி, அதற்கு மேல் போட்டிருந்த அவருடைய வீட்டு முன்கதவு அது. முதிரை மரம். மேல்பாதியில் விரிந்த தாமரை ஒன்று செதுக்கியிருக்கும். ஊரை விட்டு ஓடும்போது ஆட்கள் அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓட, அவர் சுத்தியல் எடுத்துக் கதவைக் கழற்றினார். நிலையும் கதவும் இருந்தால் மற்றதெல்லாம் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நிலையைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை. இந்தக் கதையை அவர் சொல்லத் தேவையில்லை. மாமி, அதாவது அவருடைய மனைவி, யார் வந்தாலும் சொல்லுவா.

"வண்டில்ல ஏத்தின நெல்லு மூடைய இறக்கிப் போட்டுட்டுக் கதவ ஏத்தின மனிசன், மிஸ்ஸி. பசிச்சா இதத்தான் அவிச்சுத் தின்னணும்."

"நீ வாய மூடு" என்றார் வட்டவிதானையார். "வீடு எரிஞ்சிட்டு. கதவு இரிக்கு. கதவு இரிக்கிற வரைக்கும் நான் வீடில்லாதவன் இல்ல."

மிஸ்ஸி குனிந்து அந்தக் கதவின் பிணைச்சலை, அந்த இரும்புக் கீலை, கையால் தடவிப் பார்த்தா. அது அவவின் பழக்கம் என்று பிறகு கண்டேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கை முதலில் பிணைச்சலுக்குப் போகும், பிறகு உள்ளே பூட்டுகிற கொண்டிக்கு. "நல்ல கதவு" என்றா. "கிழமையில ஒரு நாள், நீங்க வெளியில போற நேரம், கடனாத் தாங்க. இருட்டுப்பட முந்தி உங்கட படுக்க உங்களுக்கு."

அப்படிக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. முறை வைத்துக் கொடுப்பதுதானே அவருடைய தொழில்.

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அவருடைய படுக்கையை நானும் இன்னொருவனும் தூக்கிக்கொண்டு போய் அதிபரின் நிலையில் சாத்துவோம். மிஸ்ஸி உள்ளே நின்று கொண்டிக்கும் சுவரில் இருந்த ஆணிக்கும் கயிறு போட்டு இறுக்குவா. பிறகு ஒரு சத்தமும் வராது. உள்ளே நோயாளி இன்னும் போயிருக்கமாட்டா. அவ தனியே நின்று கதவைச் சோதிக்கிறா. கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை அவிழ்த்து, "சரி, முதல் ஆள வரச் சொல்லு" என்பா. வெளியே நின்று ஆட்டிப் பார்க்காமல், உள்ளே நின்று ஏன் அவ்வளவு நேரம் பார்க்கிறா என்று எனக்குப் புதினமாக இருக்கும்.

என்னை வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தா. அங்கிருந்து கேட்டால் அவவுடைய ஒரே ஒரு வார்த்தைதான் விளங்கும். "மறுகா?"

எங்கள் பக்கத்தில் பிறகு என்பதற்கு மறுகா என்போம். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவ சொல்லும்போது அது ஆள் உள்ளே வரட்டும் என்று கதவைக் கொஞ்சம் திறந்து பிடிப்பதுபோல் இருக்கும். "ம்... மறுகா?" என்பா. பிறகு ஒரு பெண் குரல் மெல்லத் தொடங்கும். சிலவேளை அழுகை. சிலவேளை, இதுதான் எனக்கு விளங்கவே இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். எரிந்த ஊரில் இருந்து வந்த பெண்கள் ஒரு மருத்துவமாதோடு அப்படி எதைப் பற்றிச் சிரிப்பார்கள்?

ஒருநாள் கேட்டே விட்டேன். "என்ன மிஸ்ஸி, மாமி அவ்வளவு சிரிச்சா?"

"நீ படிச்ச பொடியன்தானே?"

"ஓம்."

"கதவு என்னத்துக்கு இரிக்கிறண்டு உன்ட புத்தகத்தில இல்லையா?"

அதோடு நான் கேட்பதை விட்டேன். யோசிப்பதை விடவில்லை.

கதவு வந்த நாளோடு தலையிடி போய்விட்டது. ஒரு பெண்ணும் அதன் பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு வரவில்லை. மிஸ்ஸியும் யார் என்ன சொன்னா என்று மூச்சு விடவில்லை. ஆனால் ஒருநாள் பின்னேரம் கை கழுவி, துடைக்காமல் காற்றில் உதறிக்கொண்டே வட்டவிதானையாரிடம் போனா.

"தலைவர், இஞ்ச பொம்புளையள் பகல்ல தண்ணி குடிக்கிறல்ல. தெரியுமா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணிக்கு என்ன குறை? எல்லாருக்கும் ஒரே அளவு. என்ட பொஞ்சாதிக்கும் அதே அளவு. ஆர் குறை சொன்ன?"

"குடிக்கிறதுக்குக் குறையில்ல. குடிச்சா எங்க போற?"

பெண்கள் பக்கத்துக் கக்கூஸ் வீதியைப் பார்த்து இருந்தது. தகரம் அடித்த மறைப்பு. வாசலுக்கு உரச்சாக்கு. வாவிக் காற்று பகல் முழுக்க அந்தச் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். வீதியால் ஆமி வாகனம் போகும், எங்கள் பொடியன்கள் சைக்கிளில் போவார்கள். பெண்கள் விடிவதற்கு முன் ஒரு தரம், பொழுதுபட்ட பின் ஒரு தரம் போவார்கள். நடுவில் தொண்டை காய்ந்தாலும் செம்பைத் தொடமாட்டார்கள். இதை நாங்கள் ஆண்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. எங்களுக்கு வாவிக்கரை முழுவதும் இருந்தது.

"இப்பிடியே இருந்தா வயித்திலயும் முதுகிலயும் வருத்தம் ஏறும். அதிலயும் புள்ளத்தாச்சி இருந்தா ரெண்டு உயிர்" என்றா மிஸ்ஸி. "அந்தக் கதவக் கக்கூசுக்குப் போடுங்க."

வட்டவிதானையார் ஒரு அடி முன்னுக்கு வந்தார்.

"எதை? என்ட அப்பன் செய்விச்ச கதவையா? தாமரை போட்ட கதவையா?"

"ஓம்."

"கக்கூசுக்கா?"

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. கமிட்டி கூடி, ஒரு சாக்குக்குப் பதிலாக இரண்டு சாக்குத் தொங்கவிடுவது என்று முடிவு எடுத்தது. மிஸ்ஸி அந்த முடிவைக் கேட்டு, "காத்துக்கு ஒண்டும் ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுத் துறைக்கு நடந்தா.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது அதற்குப் பிறகு. அவவின் புருஷன், அத்தானை, ஆமிச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் திரும்பி வரும்போது காட்ட அவவிடம் இருந்தது வயிற்றில் இருந்த பிள்ளை ஒன்றுதான். காலையில் நான் நிரப்பி வைத்த செம்பு பின்னேரமும் நிரம்பியே இருந்தது. உடம்பு நடுங்கியது. முதுகை வளைத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கிக் கிடந்தா.

"என்ன செய்யுது அக்கா?"

"தலையிடிடா."

மேடையில் சொன்ன அதே வார்த்தை. தம்பிக்குச் சொல்லமாட்டா. அம்மாவுக்கும் சொல்லமாட்டா, மண்டபம் முழுக்கக் காது. "மருமகன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவன் மனே" என்று அம்மா என் கையைப் பிடித்தா. மிஸ்ஸி வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. பொடியன்கள் துறையில் இருந்த ஆமியின் சென்றிக் காவலைத் தாண்டுவது நல்லதல்ல என்று எல்லாரும் சொன்னார்கள். நான் போனேன்.

வாவிக்கு அக்கரையில், புளியந்தீவில் விசாரித்தபோது, கோயில் ஒன்றை ஒட்டிய ஒரு மண்டபத்தைக் காட்டினார்கள். கிளினிக்காக்கும் என்று உள்ளே போனேன். எங்களுடைய மண்டபம் போலவே இருந்தது. அதே பாய்கள், அதே அடுப்புக் கற்கள், அதே பிள்ளைகளின் இருமல். ஒரு மூலையில் கயிற்றில் சேலை தொங்கியது. அதற்குப் பின்னால் இருந்து மிஸ்ஸி வந்தா. தலைமுடி அவிழ்ந்திருந்தது. என்னைக் கண்டதும் அவசரமாக அள்ளி முடிந்தா.

"ஆருக்கு?"

"அக்காக்கு. காய்ச்சல். நடுங்குறா."

"தண்ணி?"

"இல்ல."

சேலைக்குப் பின்னால் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டா. காற்று அடித்தபோது அந்தச் சேலை ஒதுங்கியது. உள்ளே ஒரு பாய், ஒரு சூட்கேஸ், சுவரில் மாட்டிய வெள்ளைச் சேலை. அவ்வளவுதான். நான் அதுவரை அவவுக்கு ஒரு வீடு இருக்கும், அதில் அறை அறையாகக் கதவு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

துறையில் சென்றி. பெண்களைச் சோதிக்கிற இடத்துக்கு இரண்டு பக்கம் தகரம், முன்பக்கம் வெளி. மிஸ்ஸி நின்றா. அவவுக்குச் சிங்களத்தில் பிழையில்லாமல் வரும் வார்த்தை அது ஒன்றுதான்.

"தொர கோ, மாத்தயா?"

கதவு எங்கே என்று கேட்கிறா. என்னுடைய அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆமிக்காரன், என் வயதுதான் இருக்கும், கொஞ்ச நேரம் விழித்தான். இந்த நேரத்தில் இவ ஏன் வம்பை விலைக்கு வாங்குறா என்று எனக்கு வியர்த்தது. அவன் தன்னுடைய மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டு போய்த் தகரத்தின் முன்பக்கம் தொங்கவிட்டான். அவ உள்ளே போய் வந்தா. அட்டையை அவன் என்னிடமே தந்தான்.

பாதை நகர்ந்தது. அவ வழக்கம்போல் தண்ணீரைப் பார்த்து நின்றா. நான் பக்கத்தில் நின்றேன்.

"மிஸ்ஸி, உங்கட வீடு எங்க?"

"இரிந்திச்சு."

"பெரிய வீடா?"

"சின்ன வீடு. ரெண்டு கதவு. முன்கதவு நல்லம். பின்கதவுக் கொண்டி கழண்டு போய்க் கிடந்திச்சு. பூட்டித் தாங்க, பூட்டித் தாங்க எண்டு அந்த மனிசனுக்கு எத்தின தரம் செல்லியிருப்பன்." அதில் ஒரு சிரிப்பு இருந்தது. "நாளைக்கு நாளைக்கு எண்டே இரிந்தார். ஒரு ராவு அந்தப் பக்கத்தாலதான் வந்தாங்க."

பாதை வாவியின் நடுவுக்கு வந்திருந்தது. வாவியில் காற்று இல்லை. என்னை அறியாமல் அவவுடைய வார்த்தையையே நான் கேட்டேன்.

"மறுகா?"

அவ திரும்பி என்னைப் பார்த்தா. பாதையில் வைத்து அவவின் முகத்தை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். கோபம் இல்லை. என்னைச் சுற்றி நின்ற சைக்கிள்காரர்களையும், மாட்டையும், கூடைக்காரரையும் பார்த்தா.

"இது பாதை தம்பி" என்றா. "இதுக்குக் கதவில்ல."

வட்டவிதானையார் நாங்கள் வருவதைக் கண்டதும் கேட்காமலே படுக்கையை விட்டு எழும்பினார். கதவைச் சாத்தினோம். உள்ளே அக்காவும் மிஸ்ஸியும். இந்த முறை "மறுகா?" கூடக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் மிஸ்ஸி என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு. இப்பவே. அடுத்த பாதைக்கு" என்றா. என்ன வருத்தம் என்று கூடியிருந்தவர்கள் கேட்டார்கள். "காய்ச்சல்" என்றா. அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை.

அம்மாவும் மிஸ்ஸியும் அக்காவைக் கைத்தாங்கலாகக் கொண்டு போனார்கள். நான் துறைவரை போய்த் திரும்பி வந்தபோது மண்டபத்தில் ஒரு சத்தம். மாமி தனி ஆளாகக் கதவின் ஒரு தலைப்பைத் தூக்கி இழுத்துக்கொண்டு போகிறா. வட்டவிதானையார் பின்னால் போகிறார்.

"எங்க கா போறாய்?"

"கக்கூசுக்கு."

"கதவோடயா?"

"ஓம், கதவோட. இவ்வளவு நாளும் கதவில்லாமப் போனன். இண்டைக்குக் கதவோட போறன்."

"ஆக்கள் பாக்காங்க!"

"அதத்தானே நானும் செல்லுறன், ஆக்கள் பாக்காங்க எண்டு!" மாமி நின்று திரும்பினா. "அந்தப் புள்ளட வயித்தில இரிக்கிறதுக்கு ஏதும் நடந்தா, இந்தத் தாமரையில நீங்க நித்திரை கொள்ளுவீங்களா?"

இரண்டு மூன்று பெண்கள் ஓடிப் போய் மற்றத் தலைப்பைப் பிடித்தார்கள். கம்பை நட்டார்கள், கயிற்றால் கட்டினார்கள். வட்டவிதானையார் வெறும் கல்லில் குந்திக்கொண்டு தூரத்தில் இருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்க அவரால் முடியவில்லை.

"ஏய், தலைகீழாப் புடிக்கீங்க. தாமரை மேலுக்கு வரணும்!"

"கக்கூசுக்குத் தாமரை எங்க இரிந்தா என்ன?" என்றா மாமி.

"கதவெண்டா கதவு மாதிரிப் போடணும். விடுங்க எல்லாரும்." சுத்தியலை எடுத்துக்கொண்டு எழும்பி வந்தார். பெண்கள் நட்ட கம்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நல்ல மரக்கால் இரண்டு தேடி நட்டு, பிணைச்சல் அடித்து, திறந்து மூடி, மறுபடி கழற்றி, சீவி, மறுபடி அடித்தார். கடைசியில் உள்ளே போய்க் கொண்டியைப் போட்டுப் பார்த்தார். அன்று தொடக்கம் அவர் பாயில் படுத்தார்.

அக்கா திரும்பி வந்த அன்று மிஸ்ஸியும் கூட வந்தா. அக்கா மெலிந்திருந்தா. ஆனால் நடந்து வந்தா. வயிறும் அவவோடு வந்தது. அம்மா அந்த வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தா.

மிஸ்ஸி செருப்பைக் கையில் பிடித்தபடி நேரே கக்கூசுக்குப் போனா. பகல் நேரம். வீதியால் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. பிணைச்சலைத் தடவினா. உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் நின்றோம். அவ வழக்கமாகச் சோதிக்கிற நேரம் போய்விட்டது. அதற்கு மேலும் போனது. வட்டவிதானையார் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதும் பிழையோ என்று என்னைப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மாமி என்னவோ விளங்கியவபோல் ஆண்களை எல்லாம் அப்பால் போகச் சொன்னா. நான் வேப்பமரத்தடிக்குப் போனேன்.

அங்கிருந்து பார்த்தேன். அக்கா பானைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் அள்ளினா. அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்து ஏறி இறங்கக் குடித்தா. இன்னொரு தரம் அள்ளிக் குடித்தா. வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அம்மாவோடு பேசிக்கொண்டு நின்றா. பிறகு கதவடிக்குப் போனா. மெல்லத் தட்டினா.

"மிஸ்ஸி..."

அக்கா காலை மாற்றி மாற்றி நின்றா.

"மிஸ்ஸி, கெதியா வாங்க. எனக்கு ஏலா!"

பெண்கள் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். அந்த முகாமில் கதவுக்கு வெளியே அப்படிச் சிரிப்பதை நான் அன்றுதான் கேட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வர நேரமெடுத்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் முதலில் வந்தது.

"கொஞ்சம் பொறு புள்ள" என்றா மிஸ்ஸி. "நான் உள்ளுக்கு இரிக்கன்."